ஐஸ்லாந்து வட்டச் சாலை: வாடகைக் காரில் சுற்றிவரத் திட்டமிடுவது எப்படி?

ஐஸ்லாந்துத் தீவைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையை அங்குள்ளவர்கள் ஹ்ரிங்வேகுர் என்கிறார்கள். நீளம் சுமார் 1,320 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் நான்கே நாளில் முடித்துவிடலாம் போலிருக்கும். தூரத்தை நம்பிப் போட்ட திட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளே குலைந்துவிடுகிறது. ஒரு நாளில் எவ்வளவு போக முடியும் என்பதை அங்கே முடிவு செய்வது காற்றும் பகல் வெளிச்சமும்தான். கார் தேர்வு, காப்பீடு, தங்குமிடம், சுற்றும் திசை என்று கீழே வரும் எல்லா முடிவுகளும் அந்த இரண்டிலிருந்தே வருகின்றன.

1. முதலில் மாதம், பிறகு டிக்கெட்

டிசம்பர் கடைசியில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் பகல் நான்கு மணி நேரம்தான். ஜூன் கடைசியில் ஏறக்குறைய 21 மணி நேரம்; அதன்பின்னும் முழு இருட்டு வருவதில்லை. ஒரு நாளில் ஐந்து இடம் பார்க்கலாம் என்ற கணக்கு ஜூனில் நடக்கும், நவம்பரில் நடக்காது.

முதல்முறை போகிறவர்களுக்கு மே கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை சரியான காலம். இதில் ஜூனும் செப்டம்பர் முதல் பாதியும் எங்கள் தேர்வு. ஜூனில் வெளிச்சம் தாராளம். செப்டம்பரில் கூட்டம் குறைந்திருக்கும், இரவு இருட்டுவதால் வடதுருவ ஒளி தெரிய வாய்ப்புண்டு, பிரதான சாலையில் பனித் தொல்லையும் பெரும்பாலும் தொடங்கியிருக்காது. ஜூலை, ஆகஸ்டில் தட்பவெப்பம் இதம்தான், ஆனால் அறை கிடைப்பது பெரும்பாடு.

நவம்பர் முதல் மார்ச் வரை முழு வட்டம் வேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மலைக் கணவாய்கள் எந்த நேரமும் மூடப்படும். மூடினால் திறக்கும் வரை கிடைத்த ஊரில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. குளிர்காலத்தில்தான் போக முடியும் என்றால் தெற்குக் கரையோரமாகத் தென்கிழக்கிலுள்ள ஹோப்ன் ஊர் வரை போய், அதே வழியில் திரும்புங்கள். அதற்கே ஆறு நாள் தாராளமாகப் பிடிக்கும்.

2. நாள் கணக்கு

முழு வட்டத்துக்குப் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நாளை எந்த வேலையும் எழுதாமல் காலியாக விடுங்கள். ஏழு நாளிலும் சுற்றலாம், சுற்றுகிறார்கள்; காரின் முன்கண்ணாடி வழியாகத்தான் பாதித் தீவைப் பார்த்திருப்பார்கள்.

காலி நாள் ஏன் இவ்வளவு முக்கியம்? தென்கிழக்கில் இந்தச் சாலைக்கு மாற்றுச் சாலை கிடையாது. ஒருபக்கம் பனிப்பாறை, மறுபக்கம் கடல், நடுவே கறுப்பு மணல்வெளி. அதன்மேல் ஒரே ஒரு தார்ச்சாலை. வட்டம் முழுமையடைந்ததே 1974இல்தான். அதற்குமுன் ஸ்கேய்தாரா ஆற்று வெளியைத் தாண்டப் பாலமில்லை. 1996 நவம்பரில் வாத்னாயோகுல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்ததைத் தொடர்ந்து வந்த வெள்ளம் அங்கிருந்த பாலங்களை அடித்துச் சென்றது. முறுக்கிக்கிடக்கும் இரும்பு உத்திரங்களை ஸ்காஃப்தாஃபெல் அருகே இன்றும் சாலையோரம் பார்க்கலாம். 2011 ஜூலையில் வீக் ஊருக்குக் கிழக்கே மூலக்விஸ்ல் ஆற்றுப் பாலம் போனது. 2024 ஜூலையில் அதே பகுதியில் சாலையின் ஒரு துண்டையே வெள்ளம் அரித்தது. இரண்டுமே சுற்றுலா உச்சத்தில் இருந்த கோடை நாட்கள். இப்படித் துண்டிக்கப்பட்டால் சாதாரணக் காருக்கு இருக்கும் ஒரே மாற்று, தீவையே எதிர்த்திசையில் சுற்றி வருவது.

அதனால் இரண்டு விதி. ஒன்று, காலி நாள் பயணத்தின் பின்பாதியில் இருக்கட்டும். இரண்டு, விமானத்துக்கு முந்தைய இரவு கெப்லாவிக் விமான நிலையத்திலிருந்து 100 கி.மீ.க்குள் தங்குங்கள். கடைசி நாள் வடக்கே இருக்கும் அக்குரேரி ஊரிலிருந்து நேராக விமானம் பிடிக்கிற திட்டம், காற்று கொஞ்சம் மனம் மாறினாலும் டிக்கெட்டைத் தின்றுவிடும்.

ஓட்டும் நேரத்தைக் கணக்கிட, அன்றைய கிலோமீட்டரை 65ஆல் வகுத்து, நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் 45 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்து மணி நேரத்தைத் தாண்டினால் ஓர் இடத்தை வெட்டுங்கள். செல்போன் வரைபடம் காட்டும் நேரத்தில் ஆட்டுக்கூட்டமும் இல்லை, ஒற்றைவழிப் பாலத்தில் காத்திருப்பதும் இல்லை, மழைச்சட்டை மாட்டிக் கழற்றுவதும் இல்லை.

3. எந்தக் கார்?

கோடையில் வட்டச் சாலையில் மட்டும் போவதானால் எஞ்சின் இரண்டு சக்கரங்களை மட்டும் இயக்குகிற சிறிய காரே போதும். 2019இல் கிழக்குக் கரையில் மிச்சமிருந்த சரளைப் பகுதிக்கும் தார் போட்டதிலிருந்து ஒன்றாம் எண் சாலை முழுவதும் தார்ச்சாலைதான். கிளைச் சாலைகளில் சரளை உண்டு. அவற்றில் மெதுவாகப் போனால் சிறிய காரே சமாளித்துவிடும்.

எண்ணுக்கு முன்னால் எஃப் என்ற எழுத்துள்ள சாலைகள் உள்மலைப் பாதைகள். அவை வழக்கமாக ஜூன் பிற்பகுதிக்குப் பிறகே திறக்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்குத்தான் அனுமதி. பல இடங்களில் பாலமே கிடையாது, ஆற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். ஆற்றுநீர் எஞ்சினுக்குள் போனால் எந்தக் காப்பீடும் கைகொடுக்காது, முழு எஞ்சினும் உங்கள் செலவு. முதல் பயணத்தில் எஃப் சாலைகளைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வட்டத்தில் இருப்பதைப் பார்க்கவே நாள் போதாது.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் நான்கு சக்கர இயக்கத்தோடு ஆணிப்பற்கள் பதித்த டயரும் கேளுங்கள். நவம்பர் 1 முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அவற்றுக்குச் சட்டப்படி அனுமதி உண்டு; மற்ற நாட்களில் சாலை நிலை கேட்டால் மட்டுமே. பனிக்கட்டியில் நிற்க வைப்பது டயர்தான். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. இதைப் புரிந்துகொள்ளாமல் பெரிய ஜீப் எடுத்த தைரியத்தில் வேகமாகப் போகிறவர்கள்தான் அதிகம் பள்ளத்தில் இறங்குகிறார்கள்.

தூங்கும் வசதியுள்ள கேம்பர் வேன் செலவைக் குறைக்கும் என்பது பாதி உண்மை. உயரமான பக்கவாட்டில் காற்று முட்டித் தள்ளும். சிறிய கார் ஓடுகிற நாளிலும் கேம்பர் நிற்க வேண்டியிருக்கும். அனுமதி பெற்ற முகாம் திடல்களில்தான் இரவைக் கழிக்கலாம். சாலையோர நிறுத்தத்தில் தூங்குவது சட்டவிரோதம். செப்டம்பருக்குப் பிறகு பல திடல்கள் மூடிவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமானால் முன்பே பதிவு செய்யுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. ஐஸ்லாந்தில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்குக் கியரையும் கை மாற்றிப் போடுவது தேவையற்ற சுமை. மின்சாரக் கார்களுக்கு 2024இல் வந்த கிலோமீட்டர் கணக்கிலான சாலை வரி 2026 முதல் எல்லாக் கார்களுக்கும் உண்டு. எந்தக் காராக இருந்தாலும், இந்தக் கட்டணம் வாடகைக்குள் வருமா, தனியா என்று பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

4. காப்பீடு: அவசரப்படக் கூடாத இடம்

விமானம் இறங்கிய தூக்கக் கலக்கத்தில், கவுன்ட்டரில் நின்றபடி முடிவெடுக்கிற விஷயமல்ல இது. வீட்டிலிருக்கும்போதே ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

அடிப்படைச் சேதக் காப்பீடு பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கும். ஆனால் அதில் உங்கள் பங்கு என்று ஒரு பெரிய தொகை இருக்கும்; அந்தத் தொகை வரைக்குமான சேதத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கூடுதல் காப்பீடு எடுத்தால் அந்தப் பங்கு குறையும், சில திட்டங்களில் பூஜ்யமாகும்.

ஐஸ்லாந்துக்கே உரிய காப்பீடு இரண்டு. சரளைக் காப்பீடு, எதிரே வரும் வண்டி தெறிக்கவிடும் கல்லால் முன்கண்ணாடி, முகப்பு விளக்கு, பெயின்ட் சேதமானால் உதவும். இது அவசியம். முன்கண்ணாடியில் ஒரு சிறு பொட்டு விழுந்தால்கூட, குளிரில் அது கோடாக ஓடி முழுக் கண்ணாடியையும் மாற்ற வைத்துவிடும். மணல், சாம்பல் காப்பீடு தெற்கு மணல்வெளிகளுக்கானது. பலத்த காற்றில் மணல் பறந்து வந்து காரின் ஒரு பக்கப் பெயின்ட்டைத் தேய்த்தெடுத்துவிடும், கண்ணாடியும் மங்கிப்போகும். கோடையில் அமைதியான வானிலைதான் என்றால் இதைத் தவிர்க்கலாம் என்பார்கள் சிலர். வீக் தாண்டிக் கிழக்கே போகிறவர்கள் எடுத்துவிடுவதே நல்லது.

எதை எடுத்தாலும் வழக்கமாக அடங்காதவை: காற்றில் பிய்ந்த கதவு, காரின் அடிப்பாகம், ஆற்றில் இறங்கியது, தவறான எரிபொருள் போட்டது, அனுமதியில்லாத சாலையில் போனது. டயரும் பல ஒப்பந்தங்களில் அடங்காது. இதில் கதவு விஷயத்துக்குக் கீழே தனியாக வருவோம்.

வெளி நிறுவனத்திடமோ கிரெடிட் கார்டு வழியாகவோ காப்பீடு எடுத்திருந்தால், சேதத்துக்கு முதலில் உங்கள் கார்டிலிருந்துதான் பணம் போகும். பிறகு நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு வாடகை நிறுவனத்தின் சேத அறிக்கை, பழுதுச் செலவுப் பட்டியல், படங்கள், ஒப்பந்த நகல் எல்லாம் வேண்டும். விலை குறைவு என்பதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுத்தால், கார்டில் அவ்வளவு வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. ஆவணங்கள்

ஓட்டுநர் உரிமத்தில் பெயரும் விவரங்களும் ரோமன் எழுத்தில் இருந்தால் போதும் என்பது பொது நிலை. இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதைக் காட்டும்போது மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும், தனியாக அது செல்லாது. உரிமம் வாங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பது நிறுவனங்களின் வழக்கமான நிபந்தனை. குறைந்தபட்ச வயது பொதுவாகச் சிறிய காருக்கு 20, பெரிய நான்கு சக்கர இயக்க வண்டிக்கு 23.

முன்பணம் பிடிக்க, முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மனைவி பெயரில் பதிவு, கணவர் பெயரில் கார்டு என்றால் கவுன்ட்டரிலேயே கதை முடியும். இரண்டாவது ஓட்டுநர் ஓட்டுவதாக இருந்தால் பெயரை ஒப்பந்தத்தில் சேருங்கள்; சேர்க்காதவர் ஓட்டி விபத்தானால் காப்பீடு செல்லாது. ஐஸ்லாந்து ஷெங்கன் பகுதியில் இருப்பதால் விசா தேவைப்படுபவர்களுக்கு ஷெங்கன் விசா.

6. திசையும் தங்குமிடமும்

கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், அதாவது முதலில் தெற்கே போவதைப் பரிந்துரைக்கிறோம். அருவிகள், கறுப்பு மணல் கடற்கரைகள், பனிக்கட்டி ஏரி என்று பெயர்பெற்ற இடங்கள் அந்தப் பக்கமே நெருக்கமாக இருக்கின்றன. பின்னால் வானிலை கெட்டு வடக்கில் ஒரு நாள் போனாலும் மனம் ஆறும்.

புறப்படும் முன் முன்னறிவிப்பைப் பார்த்துத் திசையை முடிவு செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். எல்லா அறைகளையும் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் பதிவு செய்திருந்தால்தான் அது நடக்கும். கோடையில் வீக்குக்கும் ஹோப்னுக்கும் இடையே அறைகள் மிகக் குறைவு. அந்த இரண்டு இரவுகளை மட்டும் விமானச் சீட்டு எடுத்த கையோடு பதிவு செய்துவிட்டு, மற்றவற்றை அவற்றைச் சுற்றி அமையுங்கள். அடுத்து நெருக்கடி மீவாத்ன் ஏரிப் பக்கம்.

ஒரு பத்து நாள் வரிசை:

முதல் நாள்: கெப்லாவிக்கில் காரை எடுத்து, சுமார் 50 கி.மீ. தள்ளி ரெய்க்யாவிக்கில் தங்கல். இரவு விமானத்தில் வந்த களைப்போடு இதற்குமேல் ஓட்டாதீர்கள்.

இரண்டாம் நாள்: திங்வெட்லிர், கேய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி, இரவு ஹெட்லா அல்லது ஹ்வோல்ஸ்வோட்லுர்.

மூன்றாம் நாள்: செல்யாலண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ், டிர்ஹோலேய், ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரை, இரவு வீக். இரண்டு அருவிகளும் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். முதலாவதின் பின்புறம் நடந்து போகலாம், முழுக்க நனைவீர்கள். ரெய்னிஸ்ஃபியாராவில் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். பல சிறிய அலைகளுக்குப் பிறகு திடீரென ஒரு பேரலை கரையில் வெகுதூரம் ஏறி ஆளை இழுத்துவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. அங்குள்ள எச்சரிக்கை விளக்கு சிவப்பாக இருந்தால் மணலில் இறங்கவே வேண்டாம்.

நான்காம் நாள்: ஸ்காஃப்தாஃபெல், யோகுல்சார்லோன் பனிக்கட்டி ஏரி, ஹோப்ன். சுமார் 270 கி.மீ. பயணத்திலேயே கனமான நாள் இதுதான். காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள்.

ஐந்தாம் நாள்: கிழக்கு ஃபியோர்டுகளின் (மலைகளுக்கு நடுவே நீளமாகப் புகுந்த கடல்) விளிம்பு வழியாக எகில்ஸ்ஸ்தாதிர். வழிகாட்டிக் கருவி ஓக்ஸி என்ற 939ஆம் எண் குறுக்குவழியைக் காட்டும். அது செங்குத்தான சரளைக் கணவாய். மூடுபனியிலும் மழையிலும் வேண்டாம். கரையோரமாகப் போனால் தூரம் கூடும், காட்சியும் கூடும்.

ஆறாம் நாள்: டெட்டிஃபோஸ் அருவி, ஹ்வேரிர் சேற்று ஊற்றுகள், மீவாத்ன். டெட்டிஃபோஸுக்கு மேற்குக் கரையில் 862ஆம் எண் தார்ச்சாலை, கிழக்குக் கரையில் 864ஆம் எண் சரளைச் சாலை. சிறிய காருக்கு மேற்கு.

ஏழாம் நாள்: ஹூசாவிக்கில் திமிங்கிலம் பார்க்கும் படகு, கோதாஃபோஸ் அருவி, அக்குரேரி.

எட்டாம், ஒன்பதாம் நாள்: ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்துக்கு இறங்கி ஒரு சுற்று. முன்பு சொன்ன காலி நாள் இந்த வரிசையில் இங்கேதான் இருக்கிறது: வழியில் ஒரு நாள் போனால் பலிகொடுக்க வேண்டியது இந்தச் சுற்றைத்தான்.

பத்தாம் நாள்: ரெய்க்யாவிக் திரும்புதல். விமானம் மறுநாள்.

7. காரைக் கையில் வாங்கும்போது

அரைமணி நேரம் ஒதுக்குங்கள். காரைச் சுற்றி நிறுத்தாமல் ஒரே காணொளி எடுங்கள்: நான்கு பக்கமும், கூரை, நான்கு சக்கர வளையங்கள், முன்கண்ணாடி, எரிபொருள் முள், ஓடிய கிலோமீட்டர். மழையில் நனைந்த காரில் கீறல் தெரியாது. ஈரம் காய்ந்தபின் தெரியும், அப்போது அது உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும். ஒரு துணியால் பம்பர் முனைகளையும் கதவு விளிம்புகளையும் துடைத்துவிட்டுப் படமெடுங்கள். முன்கண்ணாடியைச் சாய்வாக, வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள், கல் பட்ட பொட்டுகள் அப்போதுதான் கண்ணுக்குப் படும். கதவுகளை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். மூடும்போது உரசினாலோ முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டோடு இடைவெளி சீராக இல்லாவிட்டாலோ, முன்பு யாரோ காற்றில் விட்ட கதவு அது. அறிக்கையில் எழுத வையுங்கள்.

மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, வெறும் பஞ்சர் ஒட்டும் கருவியா, ஜாக்கி எங்கே, எரிபொருள் எது என்று கேளுங்கள். எரிபொருள் மூடியின் உட்புறம் எழுதியிருப்பதைப் படமெடுத்து வைத்தால் குழப்பமில்லை. பென்சின் என்றால் பெட்ரோல், தீசெல் என்றால் டீசல்.

8. சாலையில்

வேக வரம்பு ஊருக்குள் 50, சரளையில் 80, தார்ச்சாலையில் 90. கேமராக்கள் உண்டு, அபராதம் கசக்கும். முகப்பு விளக்கு 24 மணி நேரமும் எரிய வேண்டும், நடுப்பகலிலும். எல்லா இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம். இரண்டு தடமுள்ள வட்டச் சந்திப்பில் உள்தடத்தில் இருப்பவருக்கே வெளியேறும் முன்னுரிமை. பல நாட்டவருக்கும் இது தலைகீழ்ப் பழக்கம், வெளித்தடத்தில் இருந்தால் உள்ளிருந்து வருபவருக்கு விடுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது புதிதென்றால் ஒரே ஒரு சோதனை: ஓட்டுபவர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். தவறு நடப்பது நெரிசலில் அல்ல. வெறிச்சோடிய நிறுத்தத்திலிருந்து படமெடுத்துவிட்டுத் திரும்பிக் கிளம்பும்போது.

மூன்று பலகைகளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். எயின்பிரெய்த் ப்ரூ: ஒற்றைவழிப் பாலம். பாலத்துக்கு அருகில் முதலில் வந்தவர் போகலாம், சந்தேகமென்றால் நின்று விடுங்கள். ப்லிந்த்ஹைத்: எதிரே வருவது தெரியாத மேடு. வேகத்தைக் குறைத்து வலது ஓரம் ஒட்டுங்கள். மல்பிக் எந்தார்: தார் முடிகிறது. சரளை தொடங்கிய பிறகு பிரேக் போட்டால் கார் வழுக்கிப் பக்கவாட்டில் போகும். பலகையைப் பார்த்தவுடனே, தாரில் இருக்கும்போதே வேகத்தை இறக்குங்கள். சரளையில் எதிரே வண்டி வந்தால் இன்னும் மெதுவாக. கல் தெறிக்கும் விசை இரண்டு வண்டிகளின் வேகத்தையும் கூட்டியது.

கோடை முழுக்க ஆடுகள் வேலியில்லாமல் மேயும். தாய் ஒருபுறமும் குட்டி மறுபுறமும் நின்றால் குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும். கிழக்கில் கலைமான்களும் வரும். சாலையோரம் ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. படத்துக்காகச் சாலையிலேயே நிற்பதுதான் அங்கே பயணிகள் செய்யும் மிக மோசமான காரியம். நிறுத்தத்துக்கென்று ஒதுக்கிய இடம் வரும்வரை போங்கள். சாலையை விட்டு மணலிலோ பாசியிலோ இறங்குவது குற்றம், அபராதம் பெரிது. சக்கரம் நசுக்கிய பாசி மீள பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

9. காற்று

முன்னறிவிப்பு மீட்டர்/நொடி கணக்கில் வரும். அதை 3.6ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர்: 10 என்றால் 36, 15 என்றால் 54, 20 என்றால் 72. 15ஐத் தாண்டினால் கேம்பர் நிற்கட்டும். 20ஐத் தாண்டினால் சிறிய காரும் நிற்கட்டும். எண் சராசரியைச் சொல்கிறது, மலையடிவாரத்தில் திடீர் வீச்சு அதைவிட வெகு அதிகம். பெயர்பெற்ற இடங்கள்: போர்கர்னெஸுக்கு முன்னால் ஹாஃப்னர்ஃபியால் அடிவாரம், ரெய்க்யாவிக்குக்கு வடக்கே க்யாலர்னெஸ், தெற்கில் ஏயாஃப்யோல் அடிவாரம், ஸ்காஃப்தாஃபெல் பக்கத்து ஓரைஃபி. சாலையோர மின்பலகை அந்த இடத்துக்கான காற்றையும் வெப்பநிலையையும் காட்டும்.

தினமும் காலையில் மூன்று தளம்: வானிலைக்கு வேதுர், சாலை நிலைக்கு உம்ஃபெர்தின், எச்சரிக்கைக்கு சேஃப்டிராவல். வானிலை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறம். ஆரஞ்சு என்றால் அன்றைய பயணத்தை ரத்து செய்யுங்கள். சாலையில் லோகாத் என்ற பலகை இருந்தால் மூடியிருக்கிறது. தடையைச் சுற்றிப் போகிறவருக்குக் காப்பீடும் இல்லை, அனுதாபமும் இல்லை.

இப்போது கதவு. காரை நிறுத்தும்போது மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். பின்னாலிருந்து காற்றடித்தால் திறந்த கணமே கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும். கீல் வளையும், முன் தகடு நசுங்கும், கதவு பிறகு மூடாது. திறப்பவர் ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் கதவுச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கதவுதான். பின்னிருக்கைக் குழந்தைகளுக்குக் குழந்தைப் பூட்டைப் போட்டுவிட்டு, நீங்களே வெளியிலிருந்து திறந்துவிடுங்கள். அருவியைக் கண்ட ஆவலில் நான்கு கதவும் ஒன்றாகத் திறப்பது அங்கே விலையுயர்ந்த பழக்கம்.

10. எரிபொருள், நிறுத்தம், சுரங்கக் கட்டணம்

தொட்டி பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். தெற்கில் வீக்கிலும் ஹோப்னிலும் நிரப்புங்கள். எகில்ஸ்ஸ்தாதிரிலிருந்து மீவாத்ன் வரையான சுமார் 165 கி.மீ. வெறிச்சோடிய மேட்டுநிலம், நிரப்பாமல் ஏறாதீர்கள். ஆளில்லாத பம்புகளில் நான்கு இலக்க ரகசிய எண்ணுள்ள கார்டு வேண்டும். முழுத் தொட்டி என்று அழுத்தினால் பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும், டெபிட் கார்டில் அது திரும்பச் சில நாள் ஆகலாம். தொகையை நீங்களே தேர்ந்தெடுங்கள், அல்லது எரிபொருள் நிறுவனங்களின் முன்பணக் கார்டை ஆளுள்ள நிலையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான காட்சியிடங்களில் நிறுத்தக் கட்டணம் உண்டு. தடுப்புக் கம்பி இருக்காது; கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்ளும். செயலியிலோ அங்குள்ள இயந்திரத்திலோ அன்றே கட்டுங்கள். அக்குரேரிக்குக் கிழக்கே 7.4 கி.மீ. நீளமுள்ள வத்லாஹேய்தி சுரங்கத்துக்கும் இதே முறை, இணையத்தில் காரின் எண்ணைக் கொடுத்துக் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க விகுர்ஸ்கார்த் கணவாய் வழியே பழைய சாலை இருக்கிறது, 16 கி.மீ. போல அதிகம், தெளிவான நாளில் இலவசக் காட்சி. ரெய்க்யாவிக்குக்கு வடக்கே ஹ்வால்ஃபியோர்துர் சுரங்கத்துக்கு 2018 முதல் கட்டணம் இல்லை.

11. ஏதாவது ஆகிவிட்டால்

அவசர எண் 112. அதற்கான செயலியைப் புறப்படும் முன்பே இறக்கிவையுங்கள், ஒரு பொத்தானில் உங்கள் இடத்தை அனுப்பிவிடும். பனியிலோ மணற்புயலிலோ சிக்கினால் காரைவிட்டு இறங்கி நடக்காதீர்கள். காருக்குள் இருப்பவரைக் கண்டுபிடிப்பது சுலபம். போர்வை, தண்ணீர், பவர் பேங்க் மூன்றும் டிக்கியில் இல்லாமல் பின்னிருக்கையில் இருக்கட்டும். காற்றடிக்கும்போது டிக்கியைத் திறப்பதும் கதவைத் திறப்பது போலத்தான்.

சிறு மோதல் என்றாலும் உடனே வாடகை நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சேதப் படிவத்தை அந்த இடத்திலேயே நிரப்புங்கள். ஆடு அடிபட்டாலும் சொல்லாமல் போகக் கூடாது, போலீசுக்குச் சொல்லுங்கள்.

12. திருப்பிக் கொடுக்கும் நாள்

விமான நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் கெப்லாவிக் பகுதியை அடையுங்கள். நிலையத்துக்கு வெளியே உள்ள அலுவலகங்களிலிருந்து வேனில்தான் முனையத்துக்குக் கொண்டுவிடுவார்கள். தொட்டியை நிரப்பி ரசீதைப் படமெடுங்கள். சேறு படிந்த காரைக் கழுவிக் கொடுங்கள். பல பெட்ரோல் நிலையங்களில் இலவசத் தூரிகைக் குழாய் இருக்கும். கழுவிய காரைச் சுற்றி முதல் நாள் எடுத்ததுபோலவே மீண்டும் ஒரு காணொளி. அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் சாவியைப் பெட்டியில் போடுவதானால், நிறுத்திய இடத்தையும் கிலோமீட்டரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

கார்டில் பிடித்த முன்பணம் விடுபட்டதும் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். கட்டாமல் விட்ட நிறுத்தக் கட்டணமும் சுரங்கக் கட்டணமும் வேகக் கேமரா அபராதமும் முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போய், அதன் சேவைக் கட்டணத்தோடு சில வாரம் கழித்து உங்கள் கார்டுக்கு வரும். நிறுத்தக் கட்டண ரசீதுகள், இரண்டு காணொளிகள், ஒப்பந்தம் ஆகியவற்றை ஆறு மாதமாவது வைத்திருங்கள்.